குழாய் வந்த பிறகு

(உலகத் தண்ணீர் நாளையொட்டி, ஊராட்சிப் பிரதிநிதிகளும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர்களே, வார்டு உறுப்பினர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, பெரியோர்களே, இந்த அவைக்கு வந்திருக்கும் குடிநீர்த் தொட்டி இயக்குபவர்களே, தூய்மைக் காவலர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

தொட்டி இயக்குபவர்களையும் தூய்மைக் காவலர்களையும் தனியாகப் பெயர் சொல்லி அழைத்ததற்குக் காரணம் உண்டு. நான் இன்று பேசப்போவது அவர்கள் செய்யும் வேலையைப் பற்றித்தான்.

2019 ஆகஸ்ட் 15 அன்று, ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் ஏறத்தாழ 1.25 கோடி வீடுகள் உள்ளன. அன்றைய நாளில் அவற்றில் சுமார் 22 லட்சம் வீடுகளுக்குத்தான் தனிக்குழாய் இருந்தது. ஆறு வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்கு. சில ஆண்டுகளுக்குள் அந்த எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. தெருக்குழாயடியில் வரிசையில் குடம் வைத்துக் காத்திருந்த பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்தச் சாதனையை மனதாரப் பாராட்டிவிட்டே பேச்சைத் தொடங்குகிறேன்.

ஆனால் அந்தத் திட்டம் குழாயை மட்டும் வாக்களிக்கவில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், குடிக்கத் தக்க தரத்தில், இடைவிடாமல், ஆண்டு முழுவதும் கிடைக்க வேண்டும் என்கிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 275 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் அளந்தால் பதினெட்டுக் குடம். குழாய் இருக்கிறதா என்பதை ஒருமுறை எண்ணிவிடலாம். அதில் தண்ணீர் வருகிறதா, வருவது நல்ல தண்ணீரா என்பதை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். கழிப்பறைக்கும் இதே நியாயம்தான். கட்டியதை எண்ணலாம், பயன்படுகிறதா, குழி நிறைந்தால் என்ன ஆகிறது என்பதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

நான் வலியுறுத்த வந்தது இதுதான்: குடிநீரும் சுகாதாரமும் கட்டி முடிக்கிற வேலைகள் அல்ல, நாள்தோறும் செய்கிற வேலைகள். அவை இரண்டும் உண்மையில் ஒரே வேலை. அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு நாம் தரும் கூலியும் மதிப்பும்தான் நம் வீட்டுத் தண்ணீரின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

நரம்புச் சிலந்தி ஒழிந்த கதை

நம்மால் முடியுமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். ஒரு பழைய வெற்றியை நினைவூட்டுகிறேன். இங்கிருக்கும் மூத்தவர்கள் நரம்புச் சிலந்தி நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். படியிறங்கித் தண்ணீர் எடுக்கும் கிணறுகளிலும் குளங்களிலும் வாழும் மிகச் சிறிய நீர்ப்பூச்சிக்குள் அந்த நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சு இருக்கும். அந்த நீரைக் குடித்தவருக்கு அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. ஓராண்டு கழிந்தபின் காலில் கொப்புளம் எழும். உடைந்து, முழ நீளத்துக்கும் மேற்பட்ட வெள்ளைப் புழு தலைகாட்டும். எரிச்சல் தாங்காமல் அவர் காலைத் தண்ணீரில் வைப்பார். அந்த நொடியில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் அதே கிணற்றில் இறங்கும். ஊர் மறுபடியும் அதையே குடிக்கும்.

இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. குணப்படுத்தும் மருந்தும் கிடையாது. இருந்தும் இந்தியா அதை அடியோடு ஒழித்தது. 1980களின் தொடக்கத்தில் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது பாதிக்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. படிக்கிணறுகள் சுற்றுச்சுவர் எழுப்பிய இறைகிணறுகளாக மாறின. கைப்பம்புகள் நடப்பட்டன. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வீடு வீடாகக் கற்றுத்தந்தார்கள். புண்ணோடு இருப்பவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டுப் போட்டு, அவர் நீர்நிலையில் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். 1996இல் நாட்டின் கடைசி நோயாளி பதிவானார். 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

கிணற்றுக்குச் சுவர் கட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் இந்த வெற்றி கிடைத்திருக்காது. கடைசி நோயாளி குணமாகும்வரை ஊர் ஊராகத் தேடிக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் வென்றோம்.

இராமநாதபுரம் சீமையின் ஊருணிகளும் இப்படித்தான் நிலைத்தன. நிலத்தடி நீர் உவர்ப்பாக இருந்த அந்த மண்ணில் மழைநீரைப் பிடித்து வைத்து ஆண்டு முழுவதும் குடித்தார்கள். ஊருணியில் குளிக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, வரத்துக்காலை மறிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது, காவலும் இருந்தது. ஆனால் பழமையைப் புகழும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. பல ஊர்களில் அந்த நீரைத் தொடும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. அதைப் பற்றிப் பின்னர் பேசுகிறேன்.

ஆழத்துக்குப் போன போர்வெல், தொலைவிலிருந்து வந்த காவிரி

1970களில் யுனிசெஃப் துணையோடு உருவான இந்தியா மார்க் 2 கைப்பம்பு, கோவை வட்டாரத்தில் களச்சோதனை கண்டு நாடெங்கும் பரவியது. பாறையைத் துளைக்கும் எந்திரமும் வந்திருந்தது. பின்னர் மின்மோட்டார் வந்தது. தண்ணீர் கீழே போகப் போக நாமும் ஆழமாகத் துளைத்துக்கொண்டே போனோம். ஆழத்துத் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவில் நாம் ஏமாந்த இடங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் முக்கியமானவை.

அங்கே பாறையிலுள்ள கனிமத்திலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரமே இல்லாத நிலையில் 1.5 மில்லிகிராம்வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால் முதலில் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டு இறுகும், முதுகு வளையும், எலும்பு கோணும். வந்தபின் திருப்ப முடியாது. இந்த நச்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் சுண்டுவதால் செறிவு கூடத்தான் செய்யும். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில். ஆக, நமக்கு இது புதிய செய்தி அல்ல.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேறி 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஃபுளோரைடு இல்லாத காவிரி நீரை இரண்டு மாவட்டங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளுக்குக் கொண்டு சேர்ப்பது அதன் நோக்கம். இராமநாதபுரத்துக்கும் திருச்சிப் பக்கத்துக் காவிரிப் படுகையிலிருந்து குழாய் வழியே நீர் போகிறது. இவை பெரும் பணிகள். இவற்றை வடிவமைத்த பொறியாளர்களை வணங்குகிறேன்.

ஆனால் குழாய் நீள நீளக் கடைக்கோடி ஊரின் கவலையும் நீள்கிறது. வழியில் ஓரிடத்தில் குழாய் உடைந்தாலும், நீரேற்று நிலையத்தில் மின்சாரம் நின்றாலும், ஆற்றில் வரத்துக் குறைந்தாலும், முதலில் காய்வது கடைசி ஊர். ஆற்றுநீர் வராத நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் ஊர்ப் போர்வெல் தண்ணீரை ஏற்றிவிட்டால், அத்தனை கோடி செலவின் பயனும் அந்தத் தொட்டியிலேயே கரைந்துவிடும். ஆகவே இரண்டு வேண்டுகோள். ஃபுளோரைடு உள்ள ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுநீர், மற்ற புழக்கத்துக்கு ஊர் நீர் என்று தொட்டியையும் லைனையும் பிரித்து வையுங்கள். எந்த ஊரானாலும், காவிரி வந்துவிட்டது என்று சொல்லி ஊருணியையும் கிணற்றையும் ஏரி வரத்துக்காலையும் கைவிடாதீர்கள். தொலைதூர நீர் தவறும் நாளில் ஊர் நீர்தான் கைகொடுக்கும்.

தொட்டியிலிருந்து சொம்பு வரை

இப்போது ஊருக்குள் வருவோம். 30,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விடியும் முன்பே தொட்டி இயக்குபவர் மோட்டார் ரூமுக்கு வருகிறார். தண்ணீர் ஏற்றுகிறார். வால்வு வால்வாகச் சைக்கிளில் போய்த் திறந்து ஒவ்வொரு தெருவுக்கும் விடுகிறார். மாதம் இருமுறை தொட்டிக்குள் இறங்கிச் சேறு வழித்துக் கழுவ வேண்டியவரும் அவர்தான். குளோரின் கலக்க வேண்டியவரும் அவர்தான்.

குளோரின் கணக்கு எளிது. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்றால் இந்தத் தொட்டிக்கு 120 கிராம். அதை அப்படியே கொட்டக் கூடாது. வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலாக இருக்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரைமணி நேரமாவது கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். பவுடர் மூட்டை வாய் திறந்து ஈரத்தில் கிடந்தால் வீரியம் போய்விடும். அப்புறம் எவ்வளவு போட்டாலும் பயனில்லை. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். குளோரோஸ்கோப் என்ற சிறு கருவியில் இரண்டு சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் ஏறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

தொட்டியில் சுத்தமாக இருந்த தண்ணீர் வீட்டுக்கு வரும் வழியில் ஏன் கெடுகிறது? நம் ஊர்களில் நாளுக்கு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான் தண்ணீர் விடுகிறோம். மற்ற நேரம் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. குழாயில் நீர் அழுத்தத்தோடு ஓடும்போது விரிசல் வழியே தண்ணீர் வெளியே போகும். அழுத்தம் இல்லாதபோது, வெளியே தேங்கியிருக்கும் சாக்கடை நீர் அதே விரிசல் வழியே உள்ளே வரும். மறுநாள் வால்வைத் திறந்ததும் முதலில் வருவது அதுதான். சில வீடுகளில் குழாயோடு மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறார்கள். அந்த உறிஞ்சல் பக்கத்து வீட்டுப் பங்கைப் பறிப்பதோடு நிற்பதில்லை. மண்ணுக்குள் இருக்கும் கழிவையும் சேர்த்து லைனுக்குள் இழுக்கிறது. அழுத்தம் போதாத மேட்டுத் தெருவில் வாசலில் குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைக்கிறார்கள். அந்தக் குழியில் மழைநீரும் சாக்கடையும் நிற்கும். குழாய் வாய் அதில் மூழ்கும். மோட்டார் வைப்பவரைக் கண்டிப்பது சரிதான். மேட்டுத் தெருவுக்குத் தனி வால்வு போட்டுத் தனி நேரம் ஒதுக்குவது அதைவிடச் சரியான வேலை.

சோதிக்கும் வழியும் நம் கையில் இருக்கிறது. தண்ணீரில் மலக்கிருமி கலந்திருக்கிறதா என்று காட்டும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி, 1982இல் குவாலியரில் இந்திய அறிவியலாளர்கள் உருவாக்கியது. தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், கிருமி இருக்கும் நீர் ஓரிரு நாளில் கறுத்துவிடும். ஆய்வுக்கூடம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பயிற்சி தர வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்திலேயே உள்ள ஏற்பாடு. உங்கள் ஊரின் ஐந்து பேர் யார் என்று கேட்டு வையுங்கள். அவர்களின் பெட்டியில் மருந்து தீராமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழியும் கிணறும் ஒரே மண்ணில்

சுகாதாரத்துக்கு வருகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நமக்கு ஒரு தலைகுனிவைத் தந்தது. பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் முன்னணியில் நின்ற தமிழ்நாட்டில், ஊரக வீடுகளில் 76.8 விழுக்காட்டுக்குக் கழிப்பறை இல்லை. நாட்டு ஊரகச் சராசரியைவிட அது மோசம். வெளிக்குப் போவதற்காக இருட்டும்வரை அடக்கிக்கொண்டு காத்திருந்த பெண்களின் வேதனை அந்தக் கணக்கில் ஏறவில்லை. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2003இல், திருச்சி மாவட்டத்துத் தாண்டவம்பட்டி திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கத்தை விட்ட ஊராக அறிவிக்கப்பட்டிருந்தது. கிராமாலயா அமைப்பு அங்கே பெண்களை முன்னிறுத்தி வேலை செய்தது. ஓர் ஊரால் முடிந்தது மற்ற ஊர்களாலும் முடியும் என்று அப்போதே தெரிந்திருந்தது. 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியபின்தான் வீட்டுக்கு வீடு கழிப்பறை எழுந்தது.

எழுந்த கழிப்பறைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இப்போது பார்க்க வேண்டும். ஊரகத்துக்கு உகந்தது இரட்டை உறைக்குழிக் கழிப்பறை. ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்ற அளவில் இரண்டு குழிகள். அடியில் சிமெண்ட் பூசுவதில்லை. நீர் மண்ணில் ஊறிவிடும். ஒரு சமயத்தில் ஒரு குழிதான் வேலை செய்யும். ஐந்து பேர் குடும்பத்துக்கு அது நிறைய மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். நிறைந்ததும் இடையிலுள்ள சிறு தொட்டியில் வழியை அடைத்து அடுத்த குழிக்குத் திருப்பிவிடுவார்கள். மூடிய குழியை இரண்டு ஆண்டு அப்படியே விட்டால் உள்ளிருப்பது நாற்றமில்லாத, கிருமி செத்த எருவாகிவிடும். அதை வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளித் தென்னைக்கோ வாழைக்கோ போடலாம். பிந்தேஷ்வர் பாடக் தொடங்கிய சுலப் இயக்கம் 1970களிலிருந்து நாடெங்கும் பரப்பிய முறை இது. கழிப்பறைக் கிண்ணம் சரிவானது என்பதால் ஒருமுறை கழுவிவிட இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். தண்ணீர் தூக்கி வைக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது என்பதால் இந்த இரண்டு லிட்டருக்குப் பெரிய மதிப்பு உண்டு.

பல வீடுகளில் இரண்டு குழியையும் ஒன்றோடொன்று இணைத்து, முதல் குழி வழிந்து இரண்டாவதில் விழும்படி கட்டிவிட்டார்கள். அப்போது இரண்டும் பச்சைக் கழிவுதான். எரு என்ற பேச்சே இல்லை. சில வீடுகளில் ஒரே குழி, இருபதடி உறை இறக்கியது. நிறையவே நிறையாது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நிறையாததன் காரணம், அது நேரே நிலத்தடி நீரில் கலந்துகொண்டிருப்பதுதான். கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 10 மீட்டர் இடைவெளி வேண்டும்; குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே 2 மீட்டர் மண் வேண்டும். பாறைப் பிளவு உள்ள நிலத்தில் இந்த இடைவெளியும் போதாது.

நீர்மட்டம் மேலாக இருக்கும் ஊர்களில் என்ன செய்வது? காவிரிக் கரையிலுள்ள முசிறி ஒரு வழி காட்டியது. சில அடி தோண்டினாலே தண்ணீர் வரும் அந்த வட்டாரத்தில், மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரித்து, தரைக்கு மேலே கட்டிய அறையில் மலத்தைச் சாம்பல் தூவி உலரவைக்கும் கழிப்பறைகளை ஸ்கோப் அமைப்பின் சுப்புராமன் பரப்பினார். 2008இல் அங்கே பொதுக் கழிப்பறை ஒன்றில், பயன்படுத்த வருகிறவர்களுக்கே சிறு தொகை கொடுத்தார்கள். கழிவுக்கு வேளாண் மதிப்பு உண்டு என்று ஊருக்கு உணர்த்த அப்படிச் செய்தார்கள். எல்லா ஊருக்கும் ஒரே படத்தை வைத்துக் கட்டக் கூடாது, மண்ணையும் நீர்மட்டத்தையும் பார்த்துத்தான் கழிப்பறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது முசிறி தரும் பாடம்.

இன்னொரு கழிவையும் மறந்துவிடுகிறோம். வீட்டுக்கு 275 லிட்டர் வந்தால் அதன் பெரும்பகுதி குளியலிலும் பாத்திரம் கழுவுவதிலும் வெளியே வரும். தெருக்குழாய்க் காலத்தில் நான்கு குடம் தண்ணீரில் ஓடிய வீட்டிலிருந்து இவ்வளவு கழிவுநீர் வந்ததில்லை. வீட்டுக்குழாய்க்குத் திட்டம் போட்ட நாம் இதற்கு வழி செய்யவில்லை என்றால் தெரு சாக்கடையாகும், கொசு பெருகும், அந்தச் சாக்கடைதான் விரிசல் வழியே மறுபடி குழாய்க்குள் வரும். வீட்டுக்கொரு உறிஞ்சுகுழி, இடமிருந்தால் நான்கு வாழை, இடமில்லாத தெருவுக்குப் பொதுவாக ஒரு பெரிய உறிஞ்சுகுழி. இதுவும் குடிநீர்த் திட்டத்தின் ஒரு பகுதியே.

யார் தொட்டி, யார் கை

கனத்த மனதோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருப்பது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் அது வெளியே வந்தது. வழக்கின் போக்கைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. ஆனால் ஒவ்வோர் ஊரும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் உண்டு. ஏன் தெருவுக்குத் தெரு தனித்தனித் தொட்டி? தேவையைக் கணக்கிட்டுக் கட்டியதா, அல்லது ஒரே தொட்டித் தண்ணீரைக் குடிக்க மனமில்லாமல் கட்டியதா? தண்ணீர் முதலில் எந்தத் தெருவுக்குத் திறக்கப்படுகிறது? கோடையில் முதலில் நிறுத்தப்படுவது எந்தத் தெரு? ஏணிக்குக் கதவும் தொட்டி மூடிக்குப் பூட்டும் போடுவது இன்றே செய்ய வேண்டிய வேலை. மனத்தின் பூட்டைத் திறப்பது அதைவிட நீண்ட வேலை. அதையும் செய்தாக வேண்டும்.

கழிவை அள்ளும் கை யாருடையது என்பதும் இதே கேள்விதான். மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் கடுமையாக்கப்பட்டது. பாதுகாப்பு இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது குற்றம். அப்படியும் நச்சுக்காற்றில் மூச்சுத் திணறிச் சாவு தொடர்கிறது. சாகிறவர்கள் பெரும்பாலும் பட்டியலின மக்கள். ஊரகத்தில் ஆயிரக்கணக்கான செப்டிக் டேங்குகள் இனி ஒவ்வொன்றாக நிறையப்போகின்றன. லாரி வந்து உறிஞ்சிப் போகும் கழிவு எங்கே கொட்டப்படுகிறது? இரவில் ஏரிக்கரையிலும் ஓடையிலும் கொட்டினால், நம் குடிநீருக்கே அது திரும்பி வரும். செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் இருப்பதுபோன்ற கசடுக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பேரூராட்சிகளை ஒட்டி வளர்ந்துவருகின்றன. சுற்றியுள்ள ஊராட்சிகளின் கழிவையும் அவை ஏற்க வேண்டும். லாரிக்கு உரிமமும் கொட்டுமிடத்துக்குப் பதிவேடும் வேண்டும். புதிதாகக் கட்டுகிற வீட்டுக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றே: இடமும் மண்ணும் ஒத்துவந்தால் இரட்டைக்குழி கட்டுங்கள். ஒரு மனித உயிர் உங்கள் கழிப்பறைக்காகக் குழிக்குள் இறங்கும் நிலையே வராது.

பணமும் அதிகாரமும்

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பீர்கள். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு உரியவையாக அடையாளம் கண்ட 29 துறைகளில் குடிநீரும் உண்டு, சுகாதாரமும் உண்டு. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கி வைத்தது. பணம் போதுமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புதுத் தொட்டி கட்டத் துடிக்கும் வேகம், பழைய தொட்டியின் கசிவை அடைப்பதில் இருப்பதில்லை. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு; வால்வுக்கு வாஷர் மாற்றியதற்குக் கல்வெட்டு கிடையாது.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியைப் பலர் அறிவீர்கள். தண்ணீர் இறைக்கும் மின்கட்டணமும் தெருவிளக்குக் கட்டணமும் கூடிக்கொண்டே போனதைக் கண்டு, சண்முகம் தலைவராக இருந்த காலத்தில் அந்த ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக்கத் திட்டமிட்டு, 2006இல் நிறுவியது. கட்டிய திட்டத்தை ஓட்டும் செலவு நாளை எங்கிருந்து வரும் என்று ஓர் ஊராட்சி முன்கூட்டியே கணக்குப் போட்டது. எல்லோரும் காற்றாலை வைக்க முடியாது. அந்தக் கணக்கை எல்லோரும் போட முடியும்.

இன்னொரு முன்மாதிரி நம் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்குள்ளேயே பிறந்தது. 2004 வாக்கில் அதன் பொறியாளர்கள் பதவி வேறுபாடு பாராமல் வட்டமாக உட்கார்ந்து பேசும் ‘கூடம்’ என்ற வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஊருக்குப் போய் உத்தரவிடுவதை விட்டு, ஊரோடு சேர்ந்து முடிவெடுத்தார்கள். அப்படிப் பேசிய ஊர்களில் பல, புதுத் திட்டம் கேட்காமல் இருப்பதைச் சீர்செய்து நீட்டிக்கொள்வதைத் தேர்ந்தெடுத்தன. ஊரை நம்பிப் பேசினால் ஊர் பொறுப்போடு நடந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கிராம சபையில் கேளுங்கள்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அவற்றில் மார்ச் 22, தண்ணீர் நாளுக்கென்றே சேர்க்கப்பட்டது. அந்த ஆறு நாளும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, தொட்டி கடைசியாக எந்தத் தேதியில் கழுவப்பட்டது, அதை யார் பார்த்துக் கையெழுத்திட்டார்கள்? இரண்டு, கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் குளோரின் அளவு என்ன, நீர்ச் சோதனையின் முடிவு என்ன? மூன்று, எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் விடப்படுகிறது? நான்கு, பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பெண்பிள்ளைகள் மாதவிடாய் நாளில் துணியோ நாப்கினோ மாற்றவும் அப்புறப்படுத்தவும் வசதி இருக்கிறதா? ஐந்து, தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைக் காவலருக்கும் இந்த மாத ஊதியம் வந்துவிட்டதா, கையுறையும் காலணியும் கொடுத்தாயிற்றா?

ஐந்தாவது கேள்வியைக் கடைசியில் வைத்தேன். ஆனால் மற்ற நான்கும் அதன் மேல்தான் நிற்கின்றன. ஊரே குடிக்கும் தண்ணீரை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, அவருக்குக் குறைந்த கூலியும் மாதக்கணக்கில் நிலுவையும் வைத்தால், அவரிடமிருந்து நாம் என்ன பொறுப்பை எதிர்பார்க்க முடியும்? அவருக்கு முறையான ஊதியம் கொடுங்கள், பயிற்சி கொடுங்கள், சபையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து அவர் பதிவேட்டை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும் செலவை ஊருக்கு மிச்சப்படுத்துகிறவர் அவர்.

தூய நீரை அனுபவிப்பது வாழும் உரிமையின் பகுதி என்று நம் உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லியிருக்கிறது. 2010இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குடிநீரையும் சுகாதாரத்தையும் மனித உரிமையாக ஏற்றது. உரிமை தீர்ப்பிலும் தீர்மானத்திலும் இருந்தால் போதாது, குழாயில் வர வேண்டும். அதை வரவைக்கும் அதிகாரம் கிராம சபையிடம் இருக்கிறது. அடுத்த சபைக்கு வீட்டுக்கு ஒருவராவது போங்கள். பெண்கள் முன்வரிசையில் உட்காருங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் அதைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவான பின்னரே கையெழுத்திடுங்கள்.